ஆரஞ்சு, எலுமிச்சை மணம் பொரித்த பின்னும் டோனட்டில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

மணம்தேடி (கேள்வி)

வணக்கம். ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மைதா மாவில் ஆரஞ்சு அல்லது எலுமிச்சையின் மணம் ஏற்றி, வீட்டிலேயே டோனட் பொரித்தெடுக்க விரும்புகிறேன். மாவைப் பிசையும்போது சமையலறை முழுவதும் கமழும் அந்த மணம், எண்ணெயிலிருந்து எடுத்து ஆறிய பிறகு கடித்துப் பார்த்தால் பெரும்பாலும் இருப்பதில்லை; இனிப்பும் எண்ணெய்ச் சுவையும் மட்டுமே முன்னே நிற்கின்றன. மணம் கூடட்டும் என்று பாலைக் குறைத்து அதற்கு ஈடாகப் பழச்சாறு ஊற்றினால், மாவு கையில் ஒட்டிக்கொள்கிறது, பொரித்த மேற்புறமும் வெளிறிப்போகிறது. தோலைக் கூடுதலாகத் துருவிச் சேர்த்தாலோ கசப்பு நாக்கில் தங்கிவிடுகிறது.

மணத்துக்குச் சாறு நல்லதா, தோல் நல்லதா, அவற்றை எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதே என் முதன்மையான கேள்வி. கடைகளில் கிடைக்கும் எசென்ஸ் இதற்கு உதவுமா என்பதையும், எண்ணெயின் சூட்டுக்கும் மணம் குறைவதற்கும் தொடர்பு உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஈஸ்ட் இல்லாமல், விரைவாகச் செய்யும் முறை தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

பிசைபலகை (மறுமொழி)

பழத்தின் மணம் ஓரிடத்திலும் புளிப்பு வேறோரிடத்திலும் இருக்கின்றன. அவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் மாவுக்குள் சேர்த்துவிட முயல்வதால்தான் நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் வருகின்றன. மணம் தோலின் வண்ணப் பகுதியில், கண்ணுக்குத் தெரியும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்னும் பொருள்தான். எலுமிச்சைத் தோலில் அதோடு சிட்ரால் சிறிதளவு சேர்ந்திருப்பதால்தான் அதற்கே உரிய கூர்மையான வாசனை கிடைக்கிறது. சாற்றிலோ பெரும்பகுதி தண்ணீர். மிச்சம் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும். எலுமிச்சைச் சாற்றில் அந்த அமிலம் 5 முதல் 6 சதவீதம் வரையிலும், ஆரஞ்சுச் சாற்றில் ஒரு சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். ஆகவே சாற்றை எவ்வளவு ஊற்றினாலும் மாவில் புளிப்பும் ஈரமும் ஏறுமே தவிர, மணம் அதே அளவில் ஏறாது.

மேற்புறம் வெளிறிப்போவதற்கும் இதுவே காரணம். பாலில் உள்ள புரதமும் லாக்டோஸ் என்னும் சர்க்கரையும் பொரியும்போது பொன்னிறத்தைத் தருகின்றன. பாலைக் குறைத்ததால் அவை குறைந்துவிட்டன. போதாததற்கு, மாவில் அமிலம் ஏறினால் சிவக்கும் வேதிவினையின் வேகமும் தணிந்துவிடும். பால் கொடுத்த கொழுப்பும் புரதமும் இல்லாமல் அமிலம் மிகுந்த மாவு பிசுபிசுப்பதும் இயல்புதான். 500 கிராம் மைதாவுக்கு 50 அல்லது 60 மில்லிக்கு மேல் ஆரஞ்சுச் சாறு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஈஸ்ட் மாவில் எலுமிச்சைச் சாற்றை நான் சேர்ப்பதே இல்லை.

இனித் தோலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பலகாரத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. பழத்தை வெந்நீரில் கழுவி, தேய்த்து, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பல பழங்களின் மீது பளபளப்புக்காக மெழுகு பூசப்பட்டிருக்கும், அது நீங்க வேண்டும். மிக நுண்ணிய துளைகளுள்ள துருவியில், ஓரிடத்தை ஒரே ஒரு முறை மட்டும் மெல்ல இழுத்துவிட்டுப் பழத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். வெள்ளைப் பஞ்சுப்பகுதி தெரியத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் உங்கள் நாக்கில் தங்கும் கசப்பு பெரும்பாலும் அந்த வெண்பகுதியிலிருந்து வருவது. சிறிய எலுமிச்சையின் தோல் மெல்லியது என்பதால் அதில் இன்னும் கவனம் தேவை. நடுத்தர ஆரஞ்சு ஒன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டித் துருவல் கிடைக்கும். 500 கிராம் மைதாவுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் போதும். தோல் எண்ணெய் மிகுதியானால் ஈஸ்ட்டின் செயல் மந்தமாகும் என்பதால், தோலின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது பயன் தராது.

அந்தத் துருவலை நேராக மாவில் தூவாதீர்கள். மாவுக்கென அளந்து வைத்த சர்க்கரையில் அதைப் போட்டு, விரல் நுனிகளால் இரண்டு மூன்று நிமிடம் கசக்குங்கள். சர்க்கரையின் கூரிய முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழித்துவிடும். வெளிவரும் எண்ணெயைச் சர்க்கரை தன்மீது ஏந்திக்கொள்ளும். ஈர மணல் போன்ற பதத்துக்கு வந்து, லேசான நிறமும் ஏறியிருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். துருவலில் ஒரு பங்கை வெண்ணெயிலும் கலந்து வைக்கலாம். மணப்பொருள்கள் நீரில் அரிதாகவே கரைபவை, கொழுப்பில் நன்றாகக் கரைபவை. ஆகவே வெண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெண்ணெயைக் கொதிக்க விடாமல் வெதுவெதுப்பாக உருக்கி, துருவலைப் போட்டு, மூடி ஆறவிட்டாலே போதும்.

நான் பயன்படுத்தும் அளவு இது: மைதா 500 கிராம், சர்க்கரை 60 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம், முட்டை 2, வெதுவெதுப்பான பால் 220 மில்லி, வெண்ணெய் 70 கிராம். வெண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிசைந்து, மாவு இழுத்தால் நீளும் பதத்துக்கு வந்த பிறகே வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உருக்கிய வெண்ணெய் மீண்டும் இறுகி, களிம்புப் பதத்துக்கு வந்த பின்பு சேர்ப்பது நல்லது. மாவு மென்மையாக, சற்றே ஒட்டுவதாகத்தான் இருக்கும். அதைக் கண்டு கூடுதல் மைதாவைக் கொட்டினால் டோனட் ரொட்டியாகிவிடும். இரு மடங்காக உப்பும் வரை மூடி வைத்து, பிறகு குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வைத்தால், வெண்ணெய் இறுகி மாவை வெட்டுவது எளிதாகும். மறுநாள் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வட்டமாக வெட்டி, விரலால் அழுத்தினால் குழி மெல்ல மேலெழும் வரை மீண்டும் உப்ப விட வேண்டும்.

எசென்ஸைப் பொறுத்தவரை, தோலிலிருந்து பிழிந்தெடுத்த உண்ணத்தக்க எண்ணெய் கிடைத்தால், இரண்டு மூன்று சொட்டுகளை வெண்ணெயில் கலக்கலாம். செயற்கை எசென்ஸ் மிட்டாயின் வாசனையைத்தான் தரும். நல்ல பழம் கையில் இருக்கும்போது அது தேவையில்லை.

எண்ணெய்ச்சட்டி (மறுமொழி)

பிசைபலகை எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எண்ணெயைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மணம் பெரும்பாலும் அங்கேதான் பறிபோகிறது. லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். மாவின் உட்புறம் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் அது பத்திரமாக இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும்போது தோல் எண்ணெயையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. பூக்களிலிருந்தும் இலைகளிலிருந்தும் நீராவியால் வாசனை எண்ணெய் வடிப்பதும் இந்த இயல்பை நம்பித்தான். வாணலியைச் சுற்றிக் குமிழிகள் பொங்கும்போது நீங்கள் முகர்கிற அந்த நறுமணம் முழுவதும் டோனட்டை விட்டுப் பிரிந்து போய்க்கொண்டிருக்கிற மணமே. ஆகையால் எண்ணெயில் கிடக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

அந்த நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் சூடு சரியாக இருக்க வேண்டும். 175 டிகிரியில், மேலே சொன்ன கனத்துக்கு, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றேகால் நிமிடம் வரை போதும். 160 டிகிரிக்குக் கீழே போனால் மேல்தோல் இறுக நேரமாகும்; டோனட் நெடுநேரம் எண்ணெயில் ஊறி, கனத்துப்போய், உள்ளிருக்கும் மணத்தையும் எண்ணெய்ச் சுவை மூடிவிடும். 190 டிகிரியைத் தாண்டினாலோ வெளியே கருகி உள்ளே பச்சை மாவு மிஞ்சும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வதே நல்ல வழி. அது இல்லையென்றால், ஒரு மரக்கரண்டியின் உலர்ந்த காம்பை எண்ணெயில் நிறுத்திப் பாருங்கள். அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் சீராக எழுந்தால் சூடு ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் போட்டால் சூடு சட்டென்று விழுந்துவிடும் என்பதால், அவசரம் வேண்டாம்.

பொரிக்கும் உணவு எண்ணெயை மிகுதியாக உறிஞ்சுவது வாணலிக்குள் இருக்கும்போது அன்று, வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான். உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகையில், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே ஜல்லிக்கரண்டியில் சில நொடிகள் வடியவிட்டு, உடனே காகிதத் துண்டின் மீது இருபுறமும் ஒற்றி எடுத்து, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். காகிதத்தின் மேலேயே விட்டுவிட்டால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துப்போகும்.

எண்ணெய் புதியதாகவும் தனக்கென வலுவான வாசனை இல்லாததாகவும் இருக்க வேண்டும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் பொருந்தும். முன்பு காரம் பொரித்த எண்ணெயில் ஆரஞ்சு மணத்தைத் தேடுவது வீண். எண்ணெயிலேயே பழத்தோலைப் போட்டு மணம் ஏற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் மணம் ஆவியோடு போய்விடும், தோல் கருகிக் கசப்பு மட்டும் மிஞ்சும், ஆகையால் நான் அதை ஏற்பதில்லை. மாவிலிருந்து உதிரும் துருவலும் அப்படியே கருகும் என்பதால், ஒவ்வொரு ஈடுக்குப் பிறகும் நுண்ணிய வடிகட்டியால் அதை அள்ளிவிட வேண்டும்.

பாதுகாப்பையும் மறந்துவிடாதீர்கள். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, இறுக்கமான உலோக மூடியால் மூடி, முழுவதும் ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும்.

விரைவுச்சமையல் (மறுமொழி)

ஈஸ்ட் இல்லாத முறையைக் கேட்டிருந்தீர்கள். மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். துருவலோடு கசக்கிய சர்க்கரை 100 கிராம், முட்டை 1, கெட்டியான மோர் 120 மில்லி, உருக்கிய வெண்ணெய் 40 கிராம் ஆகியவற்றைத் தனியே அடித்து, மாவில் ஊற்றி, மைதாவின் வெண்மை மறையும் வரை மட்டும் கிளறுங்கள். பிசைந்தால் இறுகிவிடும். ஒரு மணி நேரம் குளிரவைத்துவிட்டுத் தேய்த்து வெட்டினால் எண்ணெயில் உருக்குலையாது.

இந்த முறையில் புளிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. சோடாவும் அமிலமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் உள்ள அமிலம் ஏறக்குறைய கால் தேக்கரண்டிச் சோடாவோடு தீர்ந்துபோகும். வாயு வெளிவந்து மாவு உப்பும், ஆனால் நாக்குக்குப் புளிப்பு எதுவும் மிஞ்சாது. எலுமிச்சை டோனட் என்று பெயரிட்டும் எலுமிச்சை தெரியவில்லை என்று பலர் குறைப்படுவதற்கு இதுவே காரணம். இன்னும் கூடுதலாகச் சாறு ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும். ஆகவே இங்கேயும் மாவுக்குத் தோல் மட்டும் போதும், புளிப்பைப் பொரித்த பிறகு வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

பிசைபலகை சாற்றை அறவே ஒதுக்குவது போல எழுதியிருப்பதில் மட்டும் எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. ஆரஞ்சுச் சாறு 250 மில்லியை 60 மில்லியாகச் சுண்டக் காய்ச்சினால், தண்ணீர் போய் இனிப்பும் புளிப்பும் செறிந்த ஒரு பாகு கிடைக்கும்; அதை ஆறவைத்து, மோரில் ஒரு பங்குக்கு ஈடாகச் சேர்த்தால் மாவுக்குப் பழத்தின் ஆழமான சுவையும் அழகிய நிறமும் வருகின்றன. காய்ச்சும்போது மணம் போய்விடும் என்பது உண்மைதான், அதை ஈடுசெய்யத் துருவல் இருக்கவே இருக்கிறது.

பிசைபலகை (மறுமொழி)

சுண்டக் காய்ச்சிய சாறு நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பழத்தின் சாறு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நேவல் வகை ஆரஞ்சின் சாறு பிழிந்த உடனே இனிப்பாக இருந்தாலும், நேரம் செல்லச் செல்லவும் சூடேற்றும்போதும் அதில் லிமோனின் என்னும் கசப்புப் பொருள் உருவாகிவிடுகிறது. (இது மணம் தரும் லிமோனீன் அன்று, வேறு பொருள்.) அடியில் தொப்புள் போன்ற சுழியுள்ள அந்தப் பழத்தைத் துருவலுக்கு வைத்துக்கொண்டு, காய்ச்சுவதற்குச் சாற்றுக்கென விற்கும் வலென்சியா போன்ற வகையை எடுத்துக்கொண்டால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

மணம்தேடி (கேள்வி கேட்டவர்)

இத்தனை பொறுமையாக விளக்கிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாவுக்குத் தோல், புளிப்பு வெளியிலிருந்து என்ற பிரிவு இப்போது தெளிவாகிறது. அப்படியானால் மேலே பூசும் சர்க்கரைப் பூச்சை எப்படிச் செய்வது என்பதையும் யாரேனும் விளக்க வேண்டும். சாறு ஊற்றிக் கலக்கினால் பூச்சு நீர்த்து வழிந்துவிடுகிறது. உலர்ந்த சர்க்கரையில் புரட்டினால் இனிப்பு மட்டுமே தெரிகிறது. நடுவில் எலுமிச்சைக் கூழ் நிரப்புவது வீட்டில் இயலுமா?

பொன்னிறம் (மறுமொழி)

பூச்சு வழிவதற்குக் காரணம் சாற்றின் அளவுதான். ஐசிங் சர்க்கரை 150 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டிச் சாறு போதும். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்க்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நாடா போல விழுந்து, சில நொடிகளில் மறையும் பதமே சரியானது. ஒரு சிட்டிகை உப்பும் அரைத் தேக்கரண்டித் துருவலும் அதில் சேருங்கள். டோனட் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது முக்கினால் பூச்சு உருகி வழியும், முழுவதும் ஆறிவிட்டால் தடித்து நிற்கும். கையில் பிடிக்க முடிகிற வெதுவெதுப்பில் முக்கினால்தான் மெல்லிய, கண்ணாடி போன்ற படலம் கிடைக்கும். எலுமிச்சைப் பூச்சை அன்றன்றைக்கே கலந்துகொள்ள வேண்டும், ஏனெனில் சிட்ரால் அமிலத்தோடு சேர்ந்திருக்கும்போது நாளடைவில் சிதைந்து, புது எலுமிச்சையின் வாசனையை இழந்துவிடும்.

உலர்ந்த சர்க்கரையில் புரட்டுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், 100 கிராம் சர்க்கரையில் ஒரு பழத்தின் துருவலைக் கசக்கி, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிட்டு, அதில் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலப் பொடியைக் கலந்துகொள்ளுங்கள். ஈரம் சிறிதும் சேராமல் புளிப்பு கிடைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. இந்தச் சர்க்கரை ஈரத்தை விரைவில் இழுத்துக்கொள்ளும் என்பதால், பரிமாறுவதற்குச் சற்று முன்பாகப் புரட்டினால் போதும்.

எலுமிச்சைக் கூழ் வீட்டில் எளிதாகவே வரும். எலுமிச்சைச் சாறு 100 மில்லி, சர்க்கரை 100 கிராம், ஒரு முழு முட்டை, மூன்று மஞ்சள் கரு, துருவல் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை அடித்து, கொதிநீரின் ஆவியில் வைத்த பாத்திரத்தில் விடாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குக் கெட்டியானதும் இறக்கி, வடிகட்டி, வெண்ணெய் 60 கிராமைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். கொதிக்க விட்டால் முட்டை திரிந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அமிலம் பட்டு உலோகச் சுவை ஏறும். கூழை நன்றாகக் குளிரவைத்து, நடுத்துளை இல்லாமல் வட்டமாகப் பொரித்த டோனட் முழுவதும் ஆறிய பிறகு, பக்கவாட்டில் கத்தியால் சிறு பொத்தலிட்டு, குழாய்ப் பையால் உள்ளே செலுத்துங்கள். சூடாக இருக்கும்போது நிரப்பினால் கூழ் இளகி வெளியேறிவிடும். கூழ் நிரப்பியவற்றை அன்றே உண்டுவிடுவது நல்லது. மிஞ்சிய கூழை மூடிய கண்ணாடிப் புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில நாள்கள் கெடாமல் இருக்கும்.